அட்மிஷன் வந்தாச்சு, ஐ-20 எங்கே?

வாசகர் கேள்வி - பதில்: அமெரிக்காவில் மேற்படிப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்., பிஎச்.டி. சேர விரும்பும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை குவிந்துவிட்டன. பலவும் ஒரே குழப்பத்திலிருந்து முளைத்தவை. பல்கலைக்கழகத்துக்கு ஒரே வாசல் என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே இருப்பது மூன்று மேசைகள். ஆளை எடுப்பதா வேண்டாமா என்று பார்ப்பது நீங்கள் படிக்கப்போகும் துறை. பட்டம், மதிப்பெண், ஆங்கிலம் இவை குறைந்தபட்சத் தகுதியைத் தொடுகின்றனவா என்று சரிபார்ப்பது கிராஜுவேட் ஸ்கூல். பணத்தையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து, விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைத் தருவது வெளிநாட்டு மாணவர் அலுவலகம். ஒரு மேசை தலையாட்டியதால் அடுத்த மேசையும் தலையாட்டும் என்று எண்ண வேண்டாம். கீழே உள்ள பதில்களில் எந்தத் தாளை எந்த மேசை கேட்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

மூன்று வருட பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு. ஒரு பல்கலைக்கழகம் நான்கு வருடப் பட்டம் கேட்கிறது. இன்னொன்று அதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. அங்குள்ள பேராசிரியர் ஒருவர் 'தாராளமாக விண்ணப்பியுங்கள்' என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார். நம்பலாமா?

பேராசிரியர் முதல் மேசைக்காரர். பட்டம் செல்லுமா என்று முடிவு செய்வது இரண்டாவது மேசை. அமெரிக்க இளநிலைப் பட்டம் நான்கு வருடம், ஏறத்தாழ 120 கிரெடிட். மூன்று வருடப் பட்டத்தை அதற்கு ஈடாக ஏற்பது பற்றி அந்த நாட்டில் பொது விதி கிடையாது. ஒவ்வொரு கிராஜுவேட் ஸ்கூலும் தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறது. சில அப்படியே ஏற்கும். சில இரண்டு வருட எம்.எஸ்சி.யும் சேர்ந்திருந்தால் ஏற்கும். சில இடங்களில் மூன்று வருடத்துக்குப் பிந்தைய ஒரு வருட டிப்ளமா இருந்தால் போதும். சில அடியோடு மறுக்கும்.

அடுத்து, 'பட்ட மதிப்பீட்டு அறிக்கை வாங்கினால் போதாதா?' என்பீர்கள். வெளிநாட்டுப் பட்டம் அமெரிக்காவில் எதற்கு ஈடு என்று கணித்துச் சொல்லும் அறிக்கை அது. இதைச் செய்யும் நிறுவனங்களில் பெயர்பெற்றது டபிள்யூ.இ.எஸ். (வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ்). பட்டம் வழங்கிய நிறுவனத்துக்கு, இந்திய உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரம் 'ஏ' அல்லது அதற்கு மேல் இருந்து, முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தால், இந்திய மூன்று வருடப் பட்டத்தை அமெரிக்க இளநிலைக்கு ஈடாக அது கணிக்கிறது. ஆனால் அந்த அறிக்கை ஓர் ஆலோசனைதான். பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது. டபிள்யூ.இ.எஸ். 'ஈடு' என்று எழுதிக்கொடுத்த பட்டத்தை ஒரு கிராஜுவேட் ஸ்கூல் 'எங்களுக்கு ஈடல்ல' என்று திருப்பி அனுப்ப முடியும்.

ஆகவே பணம் கட்டுமுன் கிராஜுவேட் அட்மிஷன் அலுவலகத்துக்கு நாலு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். பட்டத்தின் பெயர், எத்தனை வருடம், வழங்கிய பல்கலைக்கழகம், அதன் நாக் தரம் ஆகியவற்றைச் சொல்லி, 'இந்தப் பட்டம் உங்கள் குறைந்தபட்சத் தகுதிக்குப் போதுமா?' என்று நேராகக் கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மதிப்பீடு வேண்டும் என்று அவர்களே சொன்னால் எந்த நிறுவனம், எந்த வகை என்பதையும் கேட்டுவிடுங்கள். பட்டம் எதற்கு ஈடு என்று மட்டும் சொல்வது ஒரு வகை. பாடம் பாடமாகக் கிரெடிட்டும் ஜி.பி.ஏ.வும் போட்டுத் தருவது இன்னொரு வகை, விலையும் கூடுதல். கேட்டது இரண்டாவது வகையாக இருந்து, மலிவு என்று முதல் வகையை வாங்கிவிட்டால் மறுபடி செலவு செய்ய வேண்டியதுதான்.

எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழிப் படிப்பு. டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு கிடைக்குமா?

சில இடங்களில் கிடைக்கும். நீங்கள் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசுகிறீர்கள் என்பது இதில் கணக்கே இல்லை. பட்டம் எந்த நாட்டில் வாங்கியது, அங்கே பாடமொழி எது என்பதுதான் கேள்வி. சில பல்கலைக்கழகங்கள் நாடுகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கும். அதில் இந்தியாவோ இலங்கையோ இல்லையென்றால் ஆங்கில வழிச் சான்றிதழை எத்தனை முத்திரையோடு அனுப்பினாலும் பயனில்லை. சான்றிதழை ஏற்கும் இடங்களில், அதைப் பல்கலைக்கழகப் பதிவாளர் தர வேண்டுமா, கல்லூரி முதல்வர் தந்தால் போதுமா என்று பாருங்கள். 'பாடமும் தேர்வும் முழுக்க ஆங்கிலத்தில்' என்ற வாசகமும் அதில் இருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே முழுநேரமாக ஒரு வருடம் படித்துத் தேறியவர்களுக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு.

தேர்வு எழுதத்தான் வேண்டுமென்றால், சறுக்கும் இடங்கள் இவை.

டோஃபல், அதைப் போன்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்., இரண்டின் மதிப்பெண்ணுக்கும் ஆயுள் 2 வருடம். அந்த 2 வருடத்தை விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து எண்ணுகிறார்களா, வகுப்பு தொடங்கும் நாளிலிருந்தா என்பது இடத்துக்கு இடம் மாறும். டிசம்பரில் செல்லுபடியாகும் மதிப்பெண் அடுத்த ஆகஸ்டில் காலாவதியாகியிருக்கலாம்.

பல முறை எழுதியவர்களுக்கு டோஃபல், ஒவ்வொரு பிரிவிலும் சிறந்ததை எடுத்துக் கூட்டிய ஒரு மொத்தத்தையும் காட்டும். கிராஜுவேட் ஸ்கூல்கள் பலவும் அதைப் பார்ப்பதில்லை. ஒரே நாளில் எழுதிய தேர்வின் மொத்தம்தான் கணக்கு. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதும் வசதிக்கும் இதே கதி நேரலாம்.

2026 ஜனவரியிலிருந்து டோஃபல் மதிப்பெண் 1 முதல் 6 வரையிலான புதிய அளவில் வருகிறது. பழைய 120 அளவில் அதற்கு ஈடான எண்ணும் சில காலம் கூடவே அச்சாகும். பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் '90' என்று இருந்தால் அது பழைய அளவு. பதற வேண்டாம்.

வகுப்பு உதவியாளர் வேலையை, அதாவது டி.ஏ.ஷிப்பை, எதிர்பார்ப்பவர்கள் மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடக் கூடாது. பேச்சுப் பிரிவுக்குத் தனி வரம்பு வைத்திருப்பார்கள், அது பெரும்பாலும் சேர்க்கை வரம்பைவிட உயரம். அட்மிஷன் கிடைத்தும் டி.ஏ. கிடைக்காமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். டி.ஏ. இல்லையென்றால் பணக் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும். எந்தப் பெயரில் விண்ணப்பிப்பது?

தமிழர்களுக்கென்றே வாய்த்த தொல்லை இது. சின்ன விஷயமாகத் தெரியும், கடைசி வரை துரத்தும்.

மூன்று மேசைகளுக்கும், தேர்வு நடத்துபவர்களுக்கும், தூதரகத்துக்கும் பொதுவான ஒரே ஆதாரம் பாஸ்போர்ட். எல்லா இடத்திலும் அதில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். சர்நேம் காலியாக இருந்தால் வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் செவிஸ் அமைப்பு உங்கள் முழுப் பெயரையும் சர்நேம் கட்டத்தில் போட்டுவிடும். விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அந்த மூன்றெழுத்தே உங்கள் பெயராக ஒட்டிக்கொள்ளும். படிப்பு கெட்டுவிடாது, ஆனால் ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்லி மாளாது.

நேரம் இருந்தால், தேர்வுக்குப் பதிவு செய்யுமுன்பே பாஸ்போர்ட்டைத் திருத்தி மறுவெளியீடு வாங்குங்கள். உங்கள் பெயர் கிவன் நேமிலும், அப்பா அல்லது அம்மா பெயர் சர்நேமிலும் வரட்டும். இந்த வரிசை முக்கியம். பழைய பாஸ்போர்ட்டில் ஜி.ஆர்.இ. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வையும் டோஃபலையும் எழுதிவிட்டுப் பிறகு பெயரைப் பிரித்தால், மதிப்பெண் ஒரு பெயரில், விண்ணப்பம் இன்னொரு பெயரில் என்று நின்றுவிடும். கணினி இரண்டையும் சேர்க்காது. 'மதிப்பெண் வரவில்லை' என்று கோப்பு முழுமையடையாமல் கிடக்கும், நீங்களோ அனுப்பிவிட்டதாக நினைத்துக் காத்திருப்பீர்கள்.

நேரம் இல்லையென்றால், இருக்கும் பாஸ்போர்ட்டின்படியே எல்லாவற்றையும் நிரப்புங்கள். 'எம். கவிதா' என்று மதிப்பெண் பட்டியலிலும் 'கவிதா முருகன்' என்று பாஸ்போர்ட்டிலும் இருந்தால், விண்ணப்பத்தில் 'வேறு பெயர்கள்' என்ற கட்டத்தில் முதலாவதை எழுதுங்கள். 'எம். என்பது தந்தை பெயரின் முதலெழுத்து, இருவரும் ஒருவரே' என்று ஒரு பத்தி எழுதி மதிப்பெண் பட்டியலோடு சேர்த்தே ஏற்றிவிடுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

8.1 சி.ஜி.பி.ஏ.வை 4க்கு எப்படி மாற்றுவது?

மாற்றாதீர்கள். 8.1-ஐ 10-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் 3.24 வரும். கணக்கு சரி, பொருள் தவறு. இரண்டு நாட்டு மதிப்பெண் வழக்கமும் ஒன்றல்ல என்பதால் அவர்கள் தங்கள் அட்டவணையை வைத்தே கணிப்பார்கள். படிவத்தில் 8.1 என்றும், அளவு 10 என்றும் போடுங்கள். 4 அளவில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் படிவமாக இருந்தால், அதன் பக்கத்தில் உள்ள குறிப்பைப் படித்து அப்படியே செய்யுங்கள்.

இதைவிட அதிகம் தவறு நடப்பது மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்வதில்தான். பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். கிரேடுக்கு என்ன அர்த்தம் என்ற விளக்கம் பல பட்டியல்களில் பின்பக்கத்தில்தான் இருக்கும். முன்னும் பின்னுமாக, செமஸ்டர் வரிசைப்படி, ஒரே கோப்பாக ஏற்றுங்கள். அரியர் இருந்த செமஸ்டரின் பட்டியலையும் மறைக்காமல் வையுங்கள். அரியர் இருந்ததால் மட்டும் கதவு மூடிவிடாது. பின்னால் வரும் அதிகாரப்பூர்வப் பிரதியில் அது தெரிந்து, நீங்கள் ஏற்றியதில் இல்லையென்றால் அட்மிஷனையே ரத்து செய்ய முடியும்.

அதிகாரப்பூர்வப் பிரதி என்பது உங்கள் பல்கலைக்கழகமே முத்திரையிட்டு மூடிய உறையில் தருவது, அல்லது அவர்களே மின்வழியில் நேராக அனுப்புவது. உறையை நீங்கள் பிரித்துவிட்டால் அது வெறும் நகல். நோட்டரி கையெழுத்து இதற்கு மாற்றாகாது. பெரும்பாலான இடங்களில் இது அட்மிஷனுக்குப் பிறகுதான் தேவைப்படும். விண்ணப்பிக்கும்போதே பத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கூரியர் அனுப்பிச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஜி.ஆர்.இ. அவசியமா?

துறையைப் பொறுத்தது. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கட்டாயம் என்னும், பக்கத்துத் துறை அனுப்பினாலும் பார்க்காது. மதிப்பெண்ணுக்கு ஆயுள் 5 வருடம். அனுப்பும்போது பல்கலைக்கழகத்தின் 4 இலக்கக் குறியீட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கிரீன் கார்டோடு இருக்கிறேன். என் மனைவியின் தம்பி எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வரப்போகிறான். இருவரும் ஒரே படிப்புக்கு விண்ணப்பிக்கிறோம். எனக்கு எதெல்லாம் தேவையில்லை?

நல்ல கேள்வி. குடியுரிமை இல்லாதவர்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை.

உங்களுக்கு ஐ-20 வேண்டாம், செவிஸ் கட்டணம் வேண்டாம், வங்கி இருப்பைக் காட்ட வேண்டாம். மூன்றாவது மேசைக்கே உங்களிடம் வேலையில்லை. கிரீன் கார்டின் இரண்டு பக்க நகல் போதும். அமெரிக்க மத்திய அரசின் கல்விக்கடனுக்கு ஃபாஃப்சா படிவம் நிரப்பும் தகுதியும் உண்டு. விண்ணப்பக் கட்டண விலக்கும் பல இடங்களில் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. உங்கள் மைத்துனருக்கு இந்தக் கடனும் கட்டண விலக்கும் கிடையாது.

ஆனால் டோஃபல்? பட்டம் இந்தியாவில் வாங்கியது என்றால் உங்களிடமும் கேட்கலாம். பட்ட மதிப்பீடும் அப்படியே. இந்த இரண்டும் நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பதிலிருந்து வருபவை. எந்த அட்டை வைத்திருக்கிறீர்கள் என்பதிலிருந்து அல்ல. இதைப் பார்த்து 'எனக்கா?' என்று கோபப்பட்டு எழுதும் வாசகர்கள் உண்டு. விதி அப்படித்தான்.

மற்ற நிலைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் துணைவராகவோ பிள்ளையாகவோ எச்-4 விசாவில் இருப்பவர் அதே நிலையிலேயே முழுநேரம் படிக்கலாம். எஃப்-1க்கு மாற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பெற்றோரைச் சார்ந்து எச்-4 வைத்திருப்பவருக்கு 21 வயது ஆனதும் அந்த நிலை போய்விடும். படிப்பின் நடுவில் அந்தப் பிறந்தநாள் வருமானால், பல மாதம் முன்பே நிலை மாற்றத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். எஃப்-1 மாணவரின் துணைவராக எஃப்-2 விசாவில் இருப்பவர் பகுதிநேரமாகப் படிக்கலாம். முழுநேரப் பட்டப்படிப்புக்கு எஃப்-1 தேவை. பி-2 சுற்றுலா விசாவில் வந்தவர், நிலை மாற்றம் ஒப்புதலாகும்வரை வகுப்பில் சேரவே கூடாது. சேர்ந்தால் அதுவே விதிமீறல். அகதியாக ஏற்கப்பட்டவர்களும் அடைக்கலம் பெற்றவர்களும் ஃபாஃப்சாவுக்குத் தகுதியானவர்கள். சிறு வயதில் ஆவணமின்றி அமெரிக்காவுக்கு அழைத்துவரப்பட்டவர்களுக்கான 'டாக்கா' (DACA) நிலையில் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் உதவி கிடையாது. பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகையைத்தான் விசாரிக்க வேண்டும். இவர்களில் எஃப்-1 தேவைப்படாதவர்களும் விண்ணப்பத்தில் 'இன்டர்நேஷனல்' என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்தால், தேவையில்லாத ஐ-20 வேலை தொடங்கி, கோப்பு தவறான மேசையில் மாதக்கணக்கில் தூங்கும்.

அட்மிஷன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. ஐ-20 வரவில்லை. வீட்டு மதிப்பீடு, நகை மதிப்பீடு, ஆடிட்டர் சான்றிதழ் எல்லாம் அனுப்பினோம்.

அதனால்தான் வரவில்லை. மூன்றாவது மேசைக்குத் தேவை கையில் எடுக்கக்கூடிய பணம். வீடு, நிலம், நகை, பி.எஃப்., சம்பளச் சீட்டு, சொத்து மதிப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பெரும்பாலான அலுவலகங்கள் தொடுவதேயில்லை. சேமிப்புக் கணக்கு, வைப்புநிதி, கல்விக்கடன் ஒப்புதல் கடிதம், பல்கலைக்கழகமே தரும் உதவித்தொகைக் கடிதம், இவைதான் செல்லும்.

எவ்வளவு? குறைந்தது முதல் வருடச் செலவு. கல்விக் கட்டணம், தங்கும் செலவு, காப்பீடு எல்லாம் சேர்த்து அலுவலகமே ஓர் எண் கொடுக்கும். உதாரணமாக அது 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 12,000 டாலர் உதவித்தொகை உண்டென்றால் 38,000-க்கு மட்டும் ஆதாரம் போதும். மனைவி, குழந்தையையும் அழைத்துப் போவதானால் ஆளுக்கு இவ்வளவு என்று கூடும்.

தாள் திரும்பி வருவதற்கான காரணங்கள் ஏறக்குறைய எப்போதும் இவைதான்: வங்கிக் கடிதத்தின் தேதி பழையது (6 மாதத்துக்குள் கேட்பார்கள், சிலர் 3 மாதம்), எந்த நாணயம் என்று எழுதவில்லை, கணக்கு அப்பா பெயரில், ஆனால் 'என் மகனின் செலவை ஏற்கிறேன்' என்ற அவரது கையெழுத்திட்ட கடிதம் இல்லை, கடன் கடிதத்தில் 'கொள்கையளவில் ஒப்புதல்' என்று இருக்கிறது. கடைசியில் சொன்னது உறுதியான ஒப்புதல் இல்லை, ஆகவே செல்லாது. பண ஆதரவு உறுதிமொழிக்கான ஐ-134 என்ற அரசுப் படிவத்தை எங்கிருந்தோ இறக்கி நிரப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் கேட்காதவரை அது வேண்டாம். அவர்களே தரும் உறுதிமொழிப் படிவம் போதும்.

இந்த அலுவலகம் கெடுபிடி செய்வதற்குக் காரணம் உண்டு. மாணவரின் படிப்புத் தகுதியும் பண ஆதாரமும் பரிசீலிக்கப்பட்ட பிறகே ஐ-20 தர வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. ஆங்கில வரம்பை இன்னும் தொடாதவருக்கு 'வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று பட்டப்படிப்புக்கான ஐ-20 தர முடியாததும் அதனால்தான்.

ஐ-20 கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, பட்ட நிலை, தொடங்கும் நாள் நான்கையும் பாருங்கள். பிழை இருந்தால் உடனே திருத்தி வாங்குங்கள். பிறகு அதில் 'என்' என்ற எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண்ணைக் கொண்டு 350 டாலர் செவிஸ் கட்டணம், அடுத்து டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணம், நேர்காணல். செவிஸ் ரசீதை அச்செடுத்துக் கையில் வையுங்கள். ஐ-20யில் உள்ள தொடக்க நாளுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக நாட்டுக்குள் நுழைய முடியாது. டிக்கெட் எடுக்குமுன் எண்ணிக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை நாமே எழுதி, பேராசிரியரின் பெயரில் ஒரு ஜிமெயில் தொடங்கி ஏற்றலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நண்பர்களை மாற்றுங்கள். பிடிபட்டால் அட்மிஷன் போகும். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் போகும். ஆசிரியரின் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுங்கள். கல்லூரி மின்னஞ்சல் இல்லாதவர் என்றால், கடிதம் கல்லூரி லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு இருக்கட்டும். வழக்கமாக மூன்று கடிதம் வேண்டும். 'கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்ற கட்டத்துக்கு ஆம் என்று போடுங்கள். போடாவிட்டால் தவறில்லை, ஆனால் ஆசிரியர் மனந்திறந்து எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பட்டமளிப்பு விழா அடுத்த ஜனவரியில்தான். ஆகஸ்டில் வகுப்பு. பட்டச் சான்றிதழ் இல்லாமல் சேர விடுவார்களா?

புரொவிஷனல் சான்றிதழும் முழு மதிப்பெண் பட்டியலும் இருந்தால் பெரும்பாலும் விடுவார்கள். ஆனால் முதல் செமஸ்டர் முடிவதற்குள் பட்டச் சான்று வரவில்லையென்றால் அடுத்த செமஸ்டர் பாடப் பதிவைப் பூட்டிவிடுவார்கள். பாடம் பதியாவிட்டால் முழுநேர மாணவர் என்ற தகுதி போய், விசா நிலையே ஆட்டம் காணும். கிளம்புமுன் அசல் புரொவிஷனலைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழை வாங்கி அனுப்ப வீட்டில் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உதவித்தொகையோடு ஓரிடத்தில் பிஎச்.டி. அட்மிஷன். மார்ச் 20-க்குள் பதில் சொல் என்கிறார்கள். இன்னோரிடத்தின் முடிவு ஏப்ரலில்தான் தெரியும்.

கிராஜுவேட் ஸ்கூல்களின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ், ஏப்ரல் 15 தீர்மானம் என்று ஒன்று வைத்திருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை, உதவியாளர் பணி போன்ற நிதி வாய்ப்புகளுக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்கக் கூடாது. கையெழுத்திட்டவர்களின் பட்டியல் கவுன்சிலின் தளத்தில் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருந்தால், தீர்மானத்தைக் குறிப்பிட்டு, 15-ஆம் தேதி வரை அவகாசம் கேட்டுப் பணிவாக எழுதுங்கள். நிதி உதவி இல்லாத வெறும் அட்மிஷனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் சொன்ன தேதிதான் தேதி.